திருப்பி வைத்த இட்லித் தட்டு

நம் மெழுகுச் செயின் குழுவில் போன வாரம் நங்கநல்லூர்த் தம்பி ஒரு கேள்வி போட்டிருந்தார். மெழுகு எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், செயின் எத்தனை நிமிஷம் உள்ளே கிடக்க வேண்டும் என்று. அசோக் நகர்ப் பெண் பதில் சொன்னாள், அடையாறுக்காரர் அதைத் திருத்தினார், இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சூடும் நிமிஷமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். பதினோரு வருஷம் மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் சைக்கிள் செயின்களைக் கழுவி மெழுகில் முக்கி எடுத்து, மணிக்கட்டு வலி தாங்காமல் போன தை மாதம் மெழுகு உருக்கும் குக்கரை அணைத்தவள் நான். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு. எங்கே கோட்டை விட்டேன், அப்போது யார் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது.

இதை என் மருமகளும் படிப்பாள். நாம் என்னதான் செய்கிறோம் என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை, அதனால் அவளுக்காக இரண்டு வரி. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டால் கடற்கரை மணலும் தெருப் புழுதியும் அதில் ஒட்டிக் கறுப்பு மசியாகி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதில் செயினைக் கழற்றி, பழைய எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் டர்பன்டைனில் அலசி, காயவைத்து, உருகிய மெழுகில் மூழ்கடித்தால் மெழுகு கணுவுக்குக் கணு உள்ளே போய் உறைந்துகொள்ளும். கையில் கறை ஒட்டாது, வண்டி சத்தமில்லாமல் ஓடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முக்க வேண்டும். அவ்வளவுதான் நம் பிழைப்பு.

நான் இதை ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. என் மகனுக்கு சைக்கிள் பைத்தியம். ஒரு நாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் என் பால் பாத்திரத்தில் மெழுகு உருகிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீ அடுப்புப் பக்கமே வராத. என்ன செய்யணும்னு சொல்லு, நானே செஞ்சு தொலைக்கிறேன்" என்றேன். அவன் செயினோடு அவன் நண்பர்கள் செயினும் வந்தது. வேலை கிடைத்து அவன் புனே போய்விட்டான், செயின்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் மழைக்காலத்திலேயே அரைகுறையாகக் காய்ந்த ஒரு செயினை மெழுகில் இறக்கினேன். உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் சீறி, மெழுகு தெறித்து, வலது கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வடு. பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதை நம்பாதே என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அது என் தோல், என் வலி, களிம்பு தடவி மறந்துவிட்டேன்.

இனி இட்லித் தட்டுக்கு வருகிறேன். செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்டுகிற சின்ன இரட்டைத் துண்டு இருக்கிறதே, நாம் லிங்க் என்று சொல்வது, அதுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கவிழ்க்கும் சமாசாரம். சுண்டு விரல் நகம் அளவு. கழற்றி எடுத்தால் எங்கே உருண்டு ஓடும் என்று சொல்ல முடியாது. நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பழைய எவர்சில்வர் இட்லித் தட்டு ஒன்று, நாலு குழி. ஒரு குழிக்கு ஒருவருடைய லிங்க். அடுப்புப் பக்கக் குழி இன்னாருக்கு, ஜன்னல் பக்கக் குழி இன்னாருக்கு என்று மனதில் குறித்துக்கொள்வேன். சீட்டு எழுதி ஒட்டுவதில்லை. வந்து பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "எப்படி ஆன்ட்டி ஞாபகம் வெச்சுக்கறீங்க?" என்று கேட்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

ஒவ்வொரு லிங்க்கிலும் அது எத்தனை ஸ்பீடு, அதாவது எத்தனை கியர் செயினுக்கானது என்று கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் குத்தியிருப்பான். கண்ணாடி போட்டால்தான் தெரியும். எனக்கு எதற்குக் கண்ணாடி, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். ஐம்பது வயசு, ஒல்லி, பேச்சில் சிரிப்பே கிடையாது. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், பெருங்குடிக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். விலை உயர்ந்த வண்டி, பன்னிரண்டு ஸ்பீடு, மெல்லிசான செயின். அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. மெழுகுத் துணுக்கு ஒன்று கார் சீட்டில் விழுந்தது என்று படம் எடுத்து அனுப்புவார். "மேடம், நீங்க ஒரு செக்லிஸ்ட் வெச்சுக்கலாமே" என்பார். "வெச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் என் வீட்டுக்காரரிடம் அவரை மாதிரியே பேசிக் காட்டுவேன்.

இன்னொருத்தி மகேஸ்வரி. இருபத்திரண்டு வயசு. அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம், வீட்டை இடித்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பகலில் துணிக்கடையில் வேலை, தி. நகர். விடிகாலையில் சைக்கிள் பந்தயப் பயிற்சி. வண்டி அவளுடைய பயிற்சியாளர் இரவல் கொடுத்தது, பழசு, பத்து ஸ்பீடு, செயின் கொஞ்சம் தடிமன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது செயினைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவாள். நான் கொடுக்கிற காபியை நின்றுகொண்டே குடிப்பாள்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் ஒன்று வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில். ஒவ்வொருவராகப் புறப்பட்டுத் தனியாக ஓட்டி நேரம் எடுக்கிற பந்தயம். மூன்று பேரை எடுப்பார்கள். அவள் வயசுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அணியில் சேர்ந்தால் விளையாட்டு விடுதி, சாப்பாடு, பிற்பாடு வேலைக்கும் ஒரு வழி. "இந்தவாட்டி வுட்டா அப்பறம் துணி மடிக்க வேண்டியதுதான் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சனிக்கிழமை நாலு செயின் முக்கினேன். நாலு லிங்க்கும் நாலு குழியில். அடுப்புப் பக்கம் மகேஸ்வரி, அதற்கு நேர் எதிரே பெருங்குடிக்காரர். மற்ற இரண்டு பேருடையதும் ஒரே ரகம், பதினொன்று. மத்தியானம் நான் கொஞ்சம் தலை சாய்த்தபோது என் வீட்டுக்காரர் சமையல் மேடையைத் துடைத்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்கார வராது. தட்டைப் பத்திரமாகத் தூக்கி வைத்து, துடைத்து, பத்திரமாகத் திரும்ப வைத்திருக்கிறார். ஒரு லிங்க்கூட குழியை விட்டு நகரவில்லை. தட்டு மட்டும் அரைச் சுற்று திரும்பிவிட்டது. வட்டத் தட்டு, எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சாயங்காலம் எழுந்து, அந்தந்தச் செயினோடு அந்தந்தக் குழியின் லிங்க்கை எடுத்துப் பையில் போட்டேன். கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஆறு மணிக்கு மகேஸ்வரி வந்து வாங்கிக்கொண்டு போனாள். காலில் விழ வந்தாள். "போடி, போய் ஜெயிச்சுட்டு வா" என்று நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு போன். பெருங்குடிக்காரர். அவருடைய வழக்கமான ஓட்டத்துக்கு அப்போதுதான் செயினை மாட்டுகிறார்.

"மேடம், லிங்க் லொடலொடன்னு ஆடுது. இதுல பத்துன்னு போட்டிருக்கு. என்னோடது பன்னெண்டு."

எரிச்சலாகத்தான் இருந்தது. காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே டிக்காஷனை ஊற்றினேன். பிறகுதான் அந்தப் பத்து என் காதில் விழுந்தது. பத்து யாருடையது? மேடையைப் பார்த்தேன். பளபளவென்று துடைத்திருந்தது.

"ஏங்க, நேத்து இந்தத் தட்ட எடுத்தீங்களா?"

"எடுத்தேன். தொடச்சிட்டு எடுத்த எடத்துலயே வெச்சேன். இன்னா இப்ப?"

பெருங்குடிக்காரருடைய லிங்க் மகேஸ்வரியிடம் போயிருக்கிறது. தடித்த லிங்க் மெல்லிய செயினில் ஆடும், போட்டதுமே தெரிந்துவிடும். மெல்லிய லிங்க்கைத் தடித்த செயினில் போட்டால்தான் ஆபத்து. பாதி உட்காரும், பூட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். மெதுவாக மிதிக்கிறவரை தாங்கும். எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கிற அந்த நொடியில் திறந்துகொள்ளும். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் தார் ரோட்டில் முகம் குப்புற விழுவாள்.

நான் அப்போது செய்தது என்ன தெரியுமா? என் வீட்டுக்காரரைத் திட்டினேன். உங்களை யார் தொடைக்கச் சொன்னது என்று கத்தினேன். அவர் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். அது முடிந்ததும் போனில் பெருங்குடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இப்படி ஆகிப்போச்சு சார், இத்தனை வருஷத்தில் ஆனதில்லை சார், என் மேலதான் தப்பு சார் என்று. அதில் பாதி அழுகை.

அவர் நடுவில் வெட்டினார். "மேடம், அதெல்லாம் அப்புறம். அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குக் கிளம்புது?"

அந்த ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏழெட்டு நிமிஷமாக நான் என்னைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்ததும் முதலில் வருகிற பேச்செல்லாம் நம்மைப் பற்றியதாகத்தான் இருக்கும், கவனித்துப் பாருங்கள். யாரால் ஆனது, என் பெயர் என்ன ஆகும், இவர் என்ன நினைப்பார். யாருக்கு எப்போது அடி விழப் போகிறது என்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். அவருக்கு அதுதான் முதலில் வந்தது.

"ஆறுலேர்ந்து ரெண்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் சார். அவ பதினோராவது."

"அப்ப ஆறு இருபது. நான் இந்த லிங்க்க எடுத்துட்டு கார்ல கிளம்பறேன். நீங்க போன் போட்டு அவளக் கிளம்ப விடாம நிறுத்துங்க."

மகேஸ்வரியின் போன் அணைந்திருந்தது. பந்தயத்துக்கு முன்னால் அணைத்துப் பையில் போட்டுவிடுவாள். ஒருமுறை அவள் தன் பயிற்சியாளர் போனிலிருந்து அழைத்ததில் அவர் நம்பர் என்னிடம் இருந்தது. நம்பரைத் தேடி எடுத்துக் கட்டைவிரலை வைக்கப் போனபோது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் யோசி. ஒருவேள அது நல்லாவே பூட்டிக்கினு இருந்தா? நீ போன் பண்ணி கலவரப்படுத்தினா அந்தப் புள்ள மனசு ஒடஞ்சு போய்டும். ஓட்ட வேண்டியத ஓட்டாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். அது பூட்டிக்கொண்டும் இருக்கலாம். இருபது நிமிஷம் தாங்கிவிட்டால் அவள் அணியில் சேர்வாள், என் தப்பு யாருக்கும் தெரியாது. நான் இல்லாத ஒரு சந்தேகத்தைக் கிளப்பி அவள் கடைசி வாய்ப்பைக் கெடுத்ததாகவும் ஆகலாம். ஆனால் அந்த யோசனையில் எனக்கு வசதியானது எது, அவளுக்கு வசதியானது எது என்று பிரித்துப் பார்த்தேன். பேசாமல் இருப்பது எனக்குத்தான் வசதி. உடனே போனை அழுத்திவிட்டேன்.

பயிற்சியாளர் எரிந்து விழுந்தார். "இப்ப போய் இதச் சொல்றீங்களேம்மா. நான் நேத்தே பாத்தேன், செயின் நல்லாத்தான் இருக்கு." போனை அவளிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"இன்னா ஆன்ட்டி?" மூச்சு வாங்கிற்று. உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொன்னேன். தப்பு என்னுடையது, லிங்க் மாறிவிட்டது, அதை நம்பி மிதிக்காதே என்று.

"பூட்டிக்கினுதான் கீது ஆன்ட்டி. நேத்து எங்க பிளாக்க நாலு ரவுண்டு சுத்தினேன், ஒண்ணும் ஆவல."

"கண்ணால பாக்காத. லிங்க் மேல கட்டைவிரல் நகத்த வெச்சு ஓட்டு. பக்கத்துத் தகடோட சமமா இருக்கா, இல்ல நகம் தடுக்குதா, சொல்லு."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் ஆறாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"தடுக்குது ஆன்ட்டி" என்றாள். குரல் மாறிவிட்டது.

பயிற்சியாளரிடம் மாற்று லிங்க் இருந்தது, பதினொன்று. மற்ற பெண்களிடம் இருந்ததெல்லாம் புது வண்டி, பதினொன்றும் பன்னிரண்டும்தான். பத்து ஸ்பீடு லிங்க் ஒன்றே ஒன்றுதான், அது பெருங்குடிக்காரர் காரில் வந்துகொண்டிருந்தது. எண்ணைக் கூப்பிடுவதற்கு முன்பே வண்டியில் கோளாறு என்று சொல்லிவிட்டால் வரிசையில் கடைசியாக விடுவார்கள். ஆனால் ஏற்றிய சூடெல்லாம் காலை விட்டு இறங்கிவிடும், வெயிலும் ஏறிவிடும். அப்படியே போனால் நேரத்துக்குப் போகலாம், விழாமல் இருந்தால். பயிற்சியாளர் பின்னால் நின்று, ஓட்டிவிடலாம் என்கிறார்.

"ஆன்ட்டி, உங்க பொண்ணா இருந்தா இன்னா சொல்லுவீங்க?"

"கடைசியா போன்னு சொல்லுவேன்."

"சரி, அப்ப கடைசிலயே போறேன்" என்றாள்.

அப்புறம் நடந்தது எனக்குப் பெருங்குடிக்காரர் சொல்லித்தான் தெரியும். பந்தயத்துக்காகச் சாலையை மறித்திருந்தார்கள், காரை விடவில்லை. காரை அங்கேயே ஓரம் கட்டிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். கார் சீட்டில் மெழுகுத் துணுக்கு விழுந்ததற்குப் படம் அனுப்பிய அதே மனிதர், ஒரு கையில் அவள் லிங்க்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் இடுக்கியோடு ஓடியிருக்கிறார். அவரே முழங்காலிட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார். கடைசி எண்ணைக் கூப்பிட நாலு நிமிஷம் இருந்ததாம்.

எட்டு மணிக்கு அவர் போன் செய்தார். "நல்லபடியா ஓட்டி முடிச்சுட்டா மேடம். விழல."

"சார், எத்தனாவது?"

"நாலாவது. ஒன்பது செகண்டுல போச்சு."

மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். நான் போனை வைத்துவிட்டு மேடையில் தலையைச் சாய்த்து அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் காலையில் கத்தியதற்கு அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. "நான் தொடச்சிருக்கக் கூடாது" என்றார். "நீங்க தொடச்சது தப்பில்லைங்க, நான் எழுதி வைக்காததுதான் தப்பு" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதரிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

மகேஸ்வரிக்கு போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று குக்கரைப் பரணில் ஏற்றினேன். வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டினாள், கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே செயின்.

வாசலிலேயே சொல்லிவிட்டேன். "என்னாலதான் உனக்குப் போச்சும்மா."

இல்லை ஆன்ட்டி என்பாள், விடுங்க ஆன்ட்டி என்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஆமா ஆன்ட்டி, உங்களாலதான். அத்த நான் இல்லன்னு சொல்லப் போறதில்ல. ரெண்டு நாளு உங்க மேல அவ்ளோ காண்டா இருந்தேன்."

பையை மேடையில் வைத்தாள்.

"ஆனா அந்த சாரு லிங்க்க கழட்டறதுக்கு இடுக்கி வெச்சாரு பாருங்க, இடுக்கியே தேவப்படல. கையால திருப்பினாரு, அதுபாட்டுக்கு வந்துச்சி. நான் பாத்துக்கினே இருந்தேன். அதோட மிதிச்சிருந்தா நடு ரோட்டுல வுழுந்திருப்பேன், எனக்குப் பின்னாடி ஜட்ஜு காரு வந்துக்கினு இருந்திருக்கும்." செயினை எடுத்து என் கையில் கொடுத்தாள். "சனிக்கெழம வந்து வாங்கிக்கவா?"

குக்கரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறுவதற்குள் அவளே ஏறி இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலை இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவர் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எந்தப் பேரும்மா? கல்யாண சீரா?" என்று கேட்டார். குழிக்கு உள்ளே வெட்ட வேண்டும் என்றேன். "குழிக்குள்ள யாரும் பேரு வெட்ட மாட்டாங்கம்மா" என்றார். விளிம்பில் வெட்டினால் இது இந்தக் குழியா, அந்தக் குழியா என்று மறுபடி குழப்பம் வரும், உள்ளேயே போடுங்கள் என்று நின்றேன். மூன்று குழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். நாலாவதில் எண் வேண்டாம், ம என்று போடுங்கள் என்றேன். ஆழமாக, புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நோட்டும் வந்தது. எந்த எண்ணில் யாருடைய லிங்க், எத்தனை ஸ்பீடு என்று கண்ணாடி போட்டுப் படித்து எழுதினேன். அதைப் பார்த்த பெருங்குடிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "செக்லிஸ்ட்டுன்னு ஒத்துக்க மாட்டீங்க, இல்ல?" என்றார்.

அவரைப் போல ஒரு ஆளை நீங்கள் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படித் தேடினால் கிடைக்காது. குறை சொல்லிக்கொண்டே வருகிற வாடிக்கையாளரை விரட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான். அவர் அன்று கேட்ட கேள்வியை மட்டும் குக்கர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்கு.

மகேஸ்வரி விடவில்லை. பெரியவர்கள் பிரிவில் ஓட்டினாள். ஒரு வருஷம் ஏழாவது. அடுத்த வருஷம் மூன்றாவது வந்து அணியில் சேர்ந்தாள். அதற்குள் அவளுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகத் துணி மடிக்க வேண்டியிருந்தது, அதை நான் மறக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித் தருகிறாள்.

குக்கரை அணைத்த பிறகு மெழுகு, செயினை முக்குகிற கம்பி, இடுக்கி எல்லாவற்றையும் உங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். அடையாறுக்காரர் இட்லித் தட்டையும் கேட்டார். கொடுக்கவில்லை. அதைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் நாலு முறை போட்டு எடுத்து, சமையலுக்கே திரும்ப எடுத்துக்கொண்டேன். எண்ணெய் தடவி மாவு ஊற்றினால் இட்லியின் அடியில் அந்தப் புள்ளிகள் எழும்பி வரும். என் வீட்டுக்காரர் தினமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நம்பரு" என்பார். தட்டைத் துடைக்கிற வேலையும் இப்போது அவருடையதுதான், நானேதான் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் மகேஸ்வரி வந்தாள். ரொம்ப வருஷம் கழித்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள்தான். ஆனால் காலை நேரத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். இட்லியைப் பிட்கும்போது அடியில் தட்டுப்பட்டு, திருப்பிப் பார்த்தாள். இடம் வலம் மாறிய ஒரு ம.

"இன்னா ஆன்ட்டி இது, என் குழி இன்னும் கீதா?"

"இருக்கு. அதுல கடைசி வரைக்கும் உன் லிங்க் தவிர வேற யாரோடதும் போட்டதில்ல."

அவள் அந்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் போன் பண்ணாம இருந்து, அந்த லிங்க்கும் எப்படியோ தாங்கி, நீ விழாம ஓட்டி முடிச்சிருந்தா?"

மகேஸ்வரி சட்னியைத் தொட்டுக்கொண்டே யோசித்தாள்.

"செலக்ட் ஆயிருப்பேன் ஆன்ட்டி. நீங்க பண்ணது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்களுக்குத்தான் என் மூஞ்சியப் பாக்க முடிஞ்சிருக்காது."

தன் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொண்ணு வைங்க. அந்த எழுத்து போட்டதே வைங்க."